இரண்டாவது சாட்சி

நம் சபையின் வாலிபர் ஒருவர் சிவகாசியிலுள்ள ஓர் அச்சகத்தில் சர்வர்களைப் பராமரிக்கிறார். காலண்டர் வேலை நெருக்கும் மாதங்களில் அவருடைய கைபேசி இரவெல்லாம் ஒலித்ததாம். விசிறி நின்றுவிட்டது என்று ஓர் எச்சரிக்கை, சில நொடிகளில், சரியாகிவிட்டது என்று மற்றொன்று, மீண்டும் முதலாவது. ஓடிப்போய்ப் பார்த்தால் விசிறி சுழன்றுகொண்டிருக்கும்.

காரணத்தைக் கேட்டு வியந்தேன். சர்வரின் பலகையில் காவலுக்கென்றே தனியாக ஒரு சிறு கணினி உண்டு. சர்வர் அணைந்திருந்தாலும், மின்இணைப்பு உள்ளவரை அது விழித்திருந்து வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் விசிறிகளின் வேகத்தையும் அளக்கும். பழுதான விசிறிக்குப் பதிலாக, ஓசை குறைந்த, மெதுவாய்ச் சுழலும் ஒன்றை யாரோ பொருத்தியிருந்தார்கள். அதன் இயல்பான வேகமே காவல் கணினியில் குறித்திருந்த கீழ்வரம்புக்குக் குறைவு. விசிறி நின்றுவிட்டதென்று எண்ணி, அது எல்லா விசிறிகளையும் முழுவேகத்தில் முடுக்கும். வேகம் வரம்பைத் தாண்டியதும் அமைதியாகும்; வேகத்தைக் குறைக்கும்; மறுபடியும் அலறும். கருவி பொய் சொல்லவில்லை, விசிறியும் பழுதாகவில்லை. வரம்புதான் வேறொரு விசிறிக்காக எழுதப்பட்டிருந்தது.

எச்சரிக்கையையே நிறுத்திவிடும்படி பலரும் சொன்னார்களாம். தூக்கமிழந்தவர்கள் அப்படிச் சொல்வது இயல்பே. அவர் அருகிலிருந்த வெப்பமானிகளின் பதிவைப் பார்த்தார். விசிறி உண்மையிலேயே நின்றிருந்தால் வெப்பம் ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. புதிய விசிறியின் குறைந்தபட்ச வேகத்தை அறிந்து, கீழ்வரம்பை அதற்குச் சற்றுக் கீழே வைத்தார். பிறகு விசிறியின் கம்பியைக் கழற்றி, உண்மையாக நின்றால் எச்சரிக்கை வருகிறதா என்றும் சோதித்தார். இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள் என்றார்.

கடலோர மக்களும் இதை அறிவார்கள். சுனாமி வந்து நான்கு நாள் கழித்து, 2004 டிசம்பர் 30 அன்று, மீண்டும் அலை வரக்கூடுமென மத்திய அரசு எச்சரித்தது. நாகப்பட்டினத்தில் காணாமற்போனோரைத் தேடிக்கொண்டிருந்தவர்களும் ஓடினார்கள். அலை வரவில்லை. சரிபார்த்துச் சொல்ல அன்று நம் நாட்டில் சுனாமி எச்சரிக்கை மையம் இல்லை. 2007-இல் ஹைதராபாத்தில் அமைந்த மையம், நிலநடுக்கப் பதிவோடு நில்லாமல், கடலடி அழுத்தக் கருவிகளையும் கரையோர நீர்மட்டமானிகளையும் சாட்சி கேட்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை விடப்பட்டது. சிறிய அலைகளே பதிவானதால் அன்றே விலக்கப்பட்டது.

விஸ்வநத்தத்தில் ஒரு சத்தம் கேட்டதும் உங்கள் கைகள் நின்றுவிடுகின்றன. சோதனை வெடியா, வேறா? அடுத்த சத்தம் வருகிறதா, புகை எழுகிறதா என்று கவனிக்கிறீர்கள். தினமும் கேட்பதுதானே என்று தலைநிமிராமல் இருக்கும் பிள்ளைகளைக் கண்டால் எனக்குக் கவலை. ஆயினும் ஒரு வார்த்தை: 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில், புகையைக் கண்டு ஆலையருகே சென்றவர்களும் மாண்டார்கள். ஆகவே இரண்டாவது சாட்சியைத் தேடி ஆலையை நோக்கி ஓடாதிருங்கள். வீட்டார் வேலைசெய்யும் இடத்தின் மேற்பார்வையாளர் எண்ணை எழுதி, கதவருகே ஒட்டிவையுங்கள். அந்த எண் இன்னும் இயங்குகிறதா என்று, சத்தம் ஏதுமில்லாத ஒரு நாளில், ஒருமுறை அழைத்தும் பாருங்கள்.