மூடுவதற்கு முன்



கோவாவின் கலங்குட், பாகா கடற்கரைகளுக்குச் சென்றிருப்பீர்களானால், மோட்டார் சைக்கிளில் அமர்வதுபோல இருபுறமும் காலிட்டு அமர்ந்து அலைகளின்மேல் பாயும் சிறு படகைக் கண்டிருப்பீர்கள். 1973-இல் கவாசாகி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ‘ஜெட் ஸ்கி’ என்னும் வியாபாரப் பெயரே இன்று அவ்வகைப் படகுகள் அனைத்துக்கும் வழங்குகிறது. அடியிலிருந்து நீரை உறிஞ்சிப் பின்புறமாய்ப் பீறிட்டடித்து அது முன்னேறுகிறது. அதற்குச் சுக்கான் கிடையாது. பீறிடும் நீரின் திசையைத் திருப்பியே படகைத் திருப்புகிறார்கள். ஆகவே இன்ஜின் நின்றுவிட்டால் வேகம் மட்டுமல்ல, திருப்பும் வல்லமையும் அக்கணமே போய்விடும். இதைத் தயவாய் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் மழை தொடங்கியதும் அங்கே நீர் விளையாட்டுகள் நிறுத்தப்படும். இன்ஜின்களைத் திறந்து பார்க்கும் காலம் அதுவே. கன்னியாகுமரிக் கடலோரத்திலிருந்து பிழைப்புக்காக வந்து இத்தொழில் செய்யும் சகோதரர் ஒருவரின் கொட்டகையில், ஆகஸ்டு மாதத்தின் கடைசி நாட்களில் நான் சில பிற்பகல்கள் அமர்ந்திருந்தேன். புதிய படகுகளில் பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்களே வருகின்றன. அவர் முன்பாக இருந்ததோ இரண்டு சிலிண்டர் கொண்ட பழைய டூ ஸ்ட்ரோக். ஓடிக்கொண்டிருக்கையில் பிடித்துக்கொண்டு நின்றுபோனது.

முதல் நாள் முழுவதும் போல்ட்டுகளோடே கழிந்தது. உப்புநீரில் கிடந்த எஃகு போல்ட், அலுமினியத்தோடு ஒன்றாய் இறுகிவிடுகிறது. பலவந்தம் செய்தால் தலை முறிந்து உள்ளே தங்கிவிடும். எண்ணெய் விட்டு, சூடு காட்டி, காத்திருந்து, மறுபடியும் சூடு காட்டினார். புகைக்குழாயை எடுத்தபின் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டர்களைத் திருகாமல் நேராக மேலே தூக்கினார். உடனே கிராங்க் அறையின் வாயில் சுத்தமான துணியைத் திணித்தார். பிஸ்டன் பின்னைத் தாங்கும் சிறு லாக் ஒன்று உள்ளே விழுந்தால் இன்ஜின் முழுவதையும் பிரிக்கவேண்டியதாகும் அல்லவா?

முன் சிலிண்டர் பளபளப்பாய் இருந்தது. பின் சிலிண்டரில் மட்டும், புகை வெளியேறும் பக்கத்தில், மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள். படகின் உரிமையாளர் வந்து பார்த்தார். “பிஸ்டனும் ரிங்கும் மாற்றி மூடிவிடு, சீசன் திறக்க இரண்டு வாரந்தான் இருக்கிறது” என்றார். தாமதமானால் கூலியில் பிடித்தம் செய்வேன் என்றும் சொல்லிப்போனார். வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய மனிதனுக்கு அது சிறிய வார்த்தையல்ல.

சகோதரரோ என்னைப் பார்த்து, “ஐயா, ரெண்டு சிலிண்டருக்கும் ஒரே பெட்ரோல், ஒரே எண்ணெய், ஓட்டினதும் ஒரே ஆள். பின் சிலிண்டர் மட்டும் ஏன் போச்சு? அது தெரியாம மூடினா, அடுத்தது நடுக்கடல்லதான் நிக்கும். மேல ரெண்டு பேர் உக்காந்திருப்பாங்க” என்றார்.

அந்தப் படகில் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றினார்கள். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், வெப்பமோ மிகும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் கார்புரேட்டர். பின் சிலிண்டருக்குரியதைத் திறந்தபோது, அதனுள் இருந்த சிறு வடிகட்டியைப் பச்சைநிறப் பசை மூடியிருந்தது. பழைய எரிபொருள் குழாய் உள்ளே சிதைந்து அவ்விதம் படிந்திருந்தது. வெளியே தடவிப் பார்த்தால் குழாயில் ஒரு குறையும் தெரியவில்லை! குழாய்கள் அனைத்தையும் அவர் அறுத்தெறிந்து புதியவை மாட்டினார். இரண்டு கார்புரேட்டர்களையும் கழுவினார்.

கீறல் விழுந்த சிலிண்டரில் இரும்பு ஸ்லீவ் இருந்தபடியால் லேத் பட்டறையில் 0.25 மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்க முடிந்தது. முலாம் பூசிய சிலிண்டராய் இருந்திருந்தால் அது கூடாது. மறுபடியும் முலாம் பூசவேண்டும், அல்லது வேறு சிலிண்டர் வாங்கவேண்டும்.

மாட்டும் வேலை கழற்றுவதைக் காட்டிலும் அமைதியானது. பிஸ்டனின் தலையிலுள்ள அம்புக்குறி புகை வெளியேறும் பக்கத்தை நோக்கவேண்டும். ரிங்கின் இரு முனைகளும் பள்ளத்திலுள்ள சிறு முளையின் இருபுறமும் சரியாய் அமரவேண்டும். நகர்ந்தால் சிலிண்டரின் துவாரத்தில் சிக்கி உடைந்துபோகும். பழைய லாக்கையும் கேஸ்கெட்டையும் அவர் மறுபடி உபயோகிப்பதில்லை. விரல்களால் ரிங்கை அமுக்கிக்கொண்டே சிலிண்டரை இறக்கினார். அப்பொழுது அவர் மூச்சையும் அடக்கிக்கொண்டதாக எனக்குத் தோன்றியது. ஹெட்டின் போல்ட்டுகளை ஒரே முறையில் முறுக்காமல், குறுக்கும் நெடுக்குமாய், படிப்படியாக, டார்க் ரெஞ்சினால் இறுக்கினார். பின்பு துவாரங்களை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்து, கசிவு உண்டோவென்று சோப்புநீர் பூசிப் பார்த்தார்.

உரிமையாளர் சொன்னபடியே இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். படகு சீசனின் முதல் நாளே கடலில் இறங்கிற்று.

இத்தொழிலில் இருக்கும் தம்பிமார் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்காக அந்தச் சகோதரர் சொல்லியனுப்பியது ஒன்றுண்டு. கடலிலிருந்து வந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினை நன்னீரால் கழுவும்போது, முதலில் இன்ஜினை ஓடவிட்டு, அதன்பின் குழாயைத் திறக்கவேண்டும். முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூடி, அதன்பின் இன்ஜினை நிறுத்தவேண்டும். வரிசை மாறினால் தண்ணீர் புகைக்குழாய் வழியே சிலிண்டருக்குள் ஏறிவிடும்.