'ஒரு லைஃப் கடன் குடுண்ணா!' - மறுபடி வந்த கான்ட்ராவும் மாறாத அந்தக் கஷ்டமும்

கான்ட்ரா விளையாடியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அதில் உயிரைக் கடன் வாங்கலாம். இரண்டு பேர் ஆடும்போது ஒருவருக்கு எல்லா லைஃபும் தீர்ந்துவிட்டால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். பக்கத்தில் இருப்பவர் கணக்கில் ஒன்று குறையும், செத்தவர் எழுந்து வந்துவிடுவார். அனுமதியெல்லாம் கேட்க வேண்டியதில்லை. டி.வி கேம் இருந்த வீடுகளில் நடந்த பாதிச் சண்டைகளுக்கு இந்த ஒரு பட்டன்தான் காரணம்.

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1987-ல் காசு போட்டு ஆடும் ஆர்கேட் மெஷின்களுக்காக உருவாக்கிய கேம் இது. அடுத்த ஆண்டு நின்டெண்டோவின் வீட்டு கன்சோலுக்கு வந்தது. நீல பேன்ட் பில், சிவப்பு பேன்ட் லான்ஸ். எட்டு ஸ்டேஜ், மூன்று லைஃப். ஒரு குண்டு பட்டாலே ஆள் காலி, கையில் இருந்த நல்ல துப்பாக்கியும் காலி. லைஃப் எல்லாம் தீர்ந்தால் மூன்று முறை 'கன்டினியூ' தரும். அதுவும் முடிந்தால் மறுபடி காட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சேவ் செய்கிற வசதியே கிடையாது.

ஏன் இவ்வளவு கஷ்டம்? ஆர்கேடில் ஆள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். வீட்டுக்கு வந்த கேசட்டிலோ இடம் இல்லை. மொத்த கேமும் 128 கிலோபைட்தான். காலையில் ஃபேமிலி குரூப்பில் வரும் குட்மார்னிங் படம்கூட பல நாள் அதைவிடப் பெரிதாக இருக்கும். கை பழகியவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய அந்தச் சின்ன கேமை மாதக்கணக்கில் ஆட வைத்தது, செத்துச் செத்து முதலிலிருந்து தொடங்கியதுதான்.

இந்தக் கஷ்டம் செய்தவர்களுக்கே தாங்கவில்லை. கொனாமியின் கசுஹிசா ஹாஷிமோட்டோ, 1986-ல் 'கிராடியஸ்' என்ற கேமை வீட்டு கன்சோலுக்கு மாற்றும் வேலையில் இருந்தார். சோதித்துப் பார்க்க ஆடினால் அவராலேயே முடியவில்லை. அதனால் தனக்காக ஒரு குறுக்குவழி வைத்தார். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. அதே குறுக்குவழி கான்ட்ராவில் மூன்று லைஃபை முப்பதாக்கியது. 2020-ல் அவர் இறந்தபோது உலகம் முழுக்க கேம் ஆடுபவர்கள் அந்தப் பத்து பட்டன்களைச் சொல்லித்தான் அஞ்சலி செலுத்தினார்கள்.

விருதுநகரில் எங்கள் வீட்டுக்கு கான்ட்ரா வந்தது, அப்பா பொருட்காட்சியில் வாங்கிக் கொடுத்த நகல் டி.வி கேமில். மஞ்சள் கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே போனால் ஒரே கேம் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். ஒரு கான்ட்ராவில் நேராக ஐந்தாவது ஸ்டேஜ், இன்னொன்றில் எடுத்த எடுப்பிலேயே முப்பது லைஃப். நானும் அண்ணனும் ஆடியது இந்த முப்பது லைஃப் கான்ட்ராதான். என்னைவிட எட்டு வயது மூத்தவன். அருவி ஸ்டேஜில் விறுவிறுவென்று மேலே ஏறிவிடுவான். ஸ்கிரீனும் அவனோடு மேலே போகும். கீழே தங்கியவர் குண்டே படாமல் சாக வேண்டியதுதான். அப்படி என் லைஃபையெல்லாம் தீர்த்துவிட்டு, அவனிடமிருந்து நான் கடன் எடுத்தால் கத்துவான்.

2019 ஜூனில் கொனாமி பழைய கான்ட்ராக்களைச் சேர்த்து 'கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன்' என்று வெளியிட்டது. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் ஆடலாம். உள்ளே இருப்பது அசல். அதே குண்டுகள், அதே மூன்று லைஃப். புதிதாகச் சேர்த்தவற்றில் முக்கியமானது, எந்த இடத்திலும் நிறுத்தி சேவ் செய்து கொள்ளும் வசதி. எங்களைப் போல நகல் கேசட்டில் வளர்ந்த பலர் நிஜமான மூன்று லைஃப் கான்ட்ராவைச் சந்தித்ததே இந்த மறுவெளியீட்டில்தான்.

போன தீபாவளிக்கு அண்ணன் பெங்களூரிலிருந்து ஸ்விட்ச்சோடு வந்தான். அப்பா இறந்த பிறகு, இந்த ஊர் வீட்டை விற்கலாம் என்பது அவன் கட்சி, கூடாது என்பது என் கட்சி. ஒன்றரை வருடமாக போனில் "அம்மா மாத்திரை போட்டாங்களா?" என்பதற்கு மேல் பேச்சு நீண்டதில்லை. அன்று ராத்திரி அவன் எதுவும் சொல்லாமல் ஒரு கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினான்.

மூன்று லைஃபில் இரண்டாவது ஸ்டேஜ் தாண்டவே ஒரு மணி நேரம் ஆனது. அருவி ஸ்டேஜில் அண்ணன் ஒரு பாறை ஏறிவிட்டு நின்றான். நான் வரும்வரை நின்றான். அடுத்த பாறையிலும் அப்படியே. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் லைஃப் தீர்ந்தது. பட்டென்று என் கணக்கில் ஒன்று குறைந்தது.

"ஏன்ணா, கேக்காம எடுத்துட்ட?"

"எப்ப நான் கேட்டு எடுத்திருக்கேன்?"

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் வீட்டு விஷயம் ஞாபகம் வந்தது. சிரித்துவிட்டோம்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அவன் மகளுக்கு ஏழு வயது. "செத்தா மறுபடி மொதல்ல இருந்தா? சேவ் பண்ணலாம்ல அத்தை?" என்றாள். மறுநாள் பத்து அடிக்கு ஒரு சேவ் போட்டு, மதியத்துக்குள் பனி ஸ்டேஜ் வரை போய்விட்டாள். "இது போங்கு ஆட்டம்" என்று அண்ணன் முணுமுணுத்தான். "நீங்க மட்டும் முப்பது லைஃப் வெச்சு ஆடலையா?" என்றாள். அவனிடம் பதில் இல்லை.

அவள் சொன்னது நியாயம். இந்த கேமை வெறும் கையோடு முடித்தவர்கள் எப்போதுமே குறைவு. ஒருவருக்கு ஹாஷிமோட்டோவின் குறுக்குவழி, ஒருவருக்கு நகல் கேசட், இவளுக்கு சேவ். வேலைக்குப் போய்விட்டு வந்து அரை மணி நேரம் ஆடுகிறவருக்கும், விரல் முன்பு போல ஓடாதவருக்கும் இந்த வசதி தேவை. 2024-ல் வந்த 'கான்ட்ரா: ஆபரேஷன் கலுகா'வில் ஒரே அடியில் சாவதா, ஹெல்த் பார் வைத்துக் கொள்வதா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். அதுவும் நல்லதுதான்.

ஆனால் சேவ் வைத்து ஆடும்போது ஒன்று காணாமல் போகிறது. செத்தால் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம் என்றால் யாரும் யாரிடமும் லைஃப் கடன் வாங்க வேண்டியதில்லை. பாறையில் ஒருவருக்காக ஒருவர் நிற்க வேண்டியதில்லை. மூன்றே லைஃப் என்ற அந்த இறுக்கம்தான் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. அதனால் பழைய கேமை மறுபடி கொண்டு வருகிறவர்கள் ஒரு குண்டைக்கூடக் குறைக்காமல் விட்டுவிட்டு, உதவியைத் தனியாக ஓரத்தில் வைப்பதுதான் சரி. தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. தனியாக ஆடினால் சேவ் உண்டு, இரண்டு பேர் ஆடினால் கிடையாது. அந்தச் சட்டப்படி என்னோடு ஆடிய முதல் ஆட்டத்தில் குட்டிக்கு லைஃப் தீர்ந்தபோது, எந்த பட்டன் என்று தெரிந்தும் அழுத்தாமல் என்னைப் பார்த்தாள். "அத்தை, ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

வீட்டை என்ன செய்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. பொங்கலுக்கு வந்து உட்கார்ந்து பேசலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். வரும்போது இரண்டு கன்ட்ரோலரையும் சார்ஜ் போட்டுக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.