புகை பிடிச்ச கிளாஸ்

மாமா கனடாவில இருந்து வரேக்க எங்களுக்குச் சொக்லேட்டும், அம்மாவுக்கு ஸ்வெட்டரும் (யாழ்ப்பாணத்து வெயிலுக்கு!), தனக்கு ஒரு பிளாக் லேபல் போத்தலும் கொண்டு வந்தார். ஸ்வெட்டரைப் பார்த்து அம்மா சிரிச்சவ. போத்தலைப் பார்த்த பிறகு இரண்டு நாளாக மாமாவோடு அளந்துதான் கதைத்தா.

மூன்றாம் நாள் பின்னேரம் மாமா போனில் ஒரு வீடியோ காட்டினார். கண்ணாடி மூடிக்குள் புகை சுழலுது, மூடியைத் தூக்க உள்ளே ஒரு விஸ்கி கிளாஸ். "இதுக்கு அங்க இருபத்தைஞ்சு டொலர் எடுக்கிறாங்கள் பிள்ளை." நான் யோசிக்காமல் சொல்லிட்டன், "வீட்டிலயே செய்யலாம் மாமா." குடிக்கிற ஆசையை விட அந்தப் புகையில்தான் எனக்கு ஆசை.

அந்தக் குடிவகைக்குப் பெயர் ஓல்ட் ஃபஷன்ட். 60 மில்லி விஸ்கி, கொஞ்சம் சீனிப்பாணி, இரண்டு மூன்று துளி கசப்புச் சாறு, பெரிய ஐஸ்கட்டி, ஒரு துண்டு தோடம்பழத் தோல், அவ்வளவுதான். கசப்புச் சாறு என்று அங்கே போடுறது அங்கொஸ்ரூரா. எங்கட சந்திக் கடையில் அதைக் கேட்டால் மருந்துக்கடைக்குப் போகச் சொல்லுவினம். அதால பனங்கற்கண்டில் பாணி காய்ச்சி, அதுக்குள்ள இரண்டு கராம்பைத் தட்டிப் போட்டன்.

பிரச்சினை புகைதான். வீடியோவில் ஓக் மரச் சீவலை காஸ் விளக்கால் எரிக்கிறார்கள். எங்களிட்ட இருக்கிறது சிரட்டை. ஒரு துண்டை அடுப்பில் கொளுத்தி ஓட்டில் வைத்து, கிளாஸைக் கவிழ்த்து, புகை வெள்ளையாகத் திரளும் மட்டும் ஒரு மூன்று நிமிடம் விட்டன். விஸ்கியை ஊற்றிக் கரண்டியால் தொட்டு நக்கிப் பார்த்தால், அடுப்புச் சாம்பலை நனைத்துக் குடித்த மாதிரி ஒரு கைப்பு. குசினி முழுக்கப் புகை. தம்பி இருமி இருமிச் சிரிக்கிறான்.

அம்மா வாசலில் வந்து நின்றா. திட்டப் போறா என்றுதான் நினைத்தன்.

"சிரட்டை வடிவாக் காயேல்ல. காயாததைக் கொளுத்தினா கண்ணைத்தான் எரிக்கும். கறுவா ஒரு துண்டு எடு. நுனியில பத்த வைச்சு ஊதி அணை. நெருப்பு நிக்கக் கூடாது, புகை மட்டும் நிக்கோணும். கனநேரம் மூடாத."

போத்தலைப் பார்க்கவேயில்லை. புகையை மட்டும் பார்த்துச் சொன்னா. இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் ஈர விறகில் சோறு காய்ச்சினவ. புகையைப் பற்றி அவவுக்கு வீடியோ பார்க்கத் தேவையில்லை.

பிறகு வாசித்தபோதுதான் அம்மா சொன்னதன் காரணம் விளங்கியது. மரத்தில் இருக்கிற லிக்னின் சூட்டில் உடையும்போது குவயக்கோல் மாதிரியான பொருட்கள் வருது, அந்த இனிப்பான புகைமணம் அதுதான். ஈரமும் அரைகுறை நெருப்பும் சேர்ந்தால் காரமும் கைப்பும் கூடிப்போகும். ஸ்கொட்லாந்தின் ஐலா தீவில், சதுப்பில் வெட்டியெடுக்கிற பீட் என்ற கரிமண்ணை எரித்து அந்தப் புகையில் பார்லியைக் காய வைக்கிறார்கள். அங்கே புகை முதலே தானியத்துக்குள் போயிடுது. நாங்கள் கடைசியில் கிளாஸுக்குத்தான் பிடிக்கிறம். அதுக்குக் கிளாஸ் குளிராக, கொஞ்சம் ஈரமாக இருக்க வேணும், அப்பதான் புகை ஒட்டும். நாக்கை விட மூக்குக்குத்தான் அதில் வேலை.

இரண்டாம் முறை கிளாஸை ஃபிரிஜ்ஜில் வைத்தெடுத்தன். கறுவாப் புகை இருபது செக்கன். பாணி, விஸ்கி, ஐஸ், தோடம்பழத் தோலை முறுக்கி மேலே ஒரு பிழிவு. மாமா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "அந்த பாருக்காரன் தோத்தான்."

நல்ல சந்தோசம்தான், அடுத்த கிளாஸ் வரைக்கும். இரண்டாவதையும் அதே மாதிரிச் செய்து மேசையில் வைத்தன். மாமா அதை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். "இந்தா, நீயும் பெரிய பெடியன்தானே." தம்பிக்குப் பத்தொன்பது வயது. செய்தவள் நான், எனக்கு இருபத்துமூன்று. நான் பார்த்த பார்வையில் மாமாவுக்கு விளங்கியிருக்க வேணும். "நீ பொம்பிளப்பிள்ளை, உனக்கு என்னத்துக்கு?" என்றார்.

இந்த நாட்டில் இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது. பெண்களுக்கு விற்கக் கூடாது என்றும் ஒரு பழைய விதி. 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அந்தத் தடையை எடுத்தார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார். நான் அப்ப ஓ.எல். எழுதிப்போட்டு ரிசல்ட்டுக்கு இருந்தன். பேப்பரில் வாசித்துவிட்டு எனக்கென்ன என்று மடித்து வைத்தது ஞாபகம். ஐந்தாறு வருசம் கழித்து அது எங்கட குசினி மேசைக்கே வந்திருக்கு.

நான் வாய் திறக்க முதல் அம்மா தம்பியின் கையிலிருந்து கிளாஸை வாங்கினா. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தா. கொஞ்ச நேரம் அப்படியே நின்றா. பிறகு தொட்டியில் ஊற்றிவிட்டா, ஐஸ்கட்டியோடு.

"அண்ணை, நீங்க கனடா போகேக்க எனக்குப் பதின்மூண்டு வயசு. அதுக்குப் பிறகு அப்புவைத் தேடித் தவறணைக்குப் போனது நான்."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இந்தக் கதை முதல் தரம். அம்மப்பா குடிப்பார் என்று தெரியும், கூட்டிவரப் போனது யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கிளாஸ் எனக்கு வரவில்லையென்ற கோவம் போகவில்லை, இப்பவும் இருக்கு. ஆனால் தம்பியிடமிருந்து அது பறிபோனதில் வந்த ஆறுதலும் இருக்கு. இரண்டும் ஒன்றாக எப்படி இருக்குது என்று எனக்கு இன்னும் விளங்கேல்ல.

அடுத்தநாள் காலை கழுவி வைத்த கிளாஸ் இன்னும் மணந்தது. அம்மா அதை எடுத்து மணந்துவிட்டுக் கேட்டா, "இது பிளேன்ரீக்கும் பிடிக்குமோ?"

பிடிக்கும். ஆறவைத்த பிளேன்ரீ, பனங்கற்கண்டு, தேசிக்காய்த் துண்டு, கறுவாப் புகை இருபது செக்கன். அம்மா இரண்டு கிளாஸ் குடித்தா. மாமாவும் ஒன்று கேட்டு வாங்கினார்.

போத்தலை அவர் திரும்பக் கொண்டு போகவில்லை. முக்கால்வாசி இருக்கு. அலுமாரிக்கு மேல், ஸ்வெட்டருக்குப் பின்னால்.