மூக்குத்தியும் கடல் கடக்குமா?

ஆம்பூரில் ரயிலை விட்டு இறங்கினால் முதலில் பிரியாணி மணம். அடுத்தது தோல் வாடை. இவ்வூர்ச் செருப்புகள் கடல் கடந்து போகின்றன. நான் சந்தித்த பெண்ணும் போகிறாள், டர்பன் நகருக்கு, ஆசிரியையாக.

“மூக்குத்தியைக் கழற்றிடட்டுமா, ஆயா?”

பச்சை குத்திய கையால் பேத்தியின் மோவாயைத் தொட்டாள் கிழவி. “இதைக் கழற்ற முடியுமாடி?”

அதே டர்பனில் ஒரு தமிழ் மாணவியின் மூக்குத்திக்குப் பள்ளி தடை போட்டது. 2007-ல் தென்னாப்பிரிக்க அரசியல் சட்ட நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்பளித்தது. கட்டாயமில்லாத குல வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டாம்!

அது மாணவிக்கு. ஆசிரியைக்கு?

பெண் மூக்குத்தியைக் கழற்றவில்லை. பள்ளிக்கே கடிதம் எழுதிக் கேட்டுவிட்டாள். பதிலுக்குக் காத்திருக்கிறார்கள், ஆயாவும் பேத்தியும்.