ஆறு மணிக்குத் திறக்கும் தகரக் கொட்டகை

திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கத்துச் செங்கல் சூளைகளில் வேலை சூடு பிடிப்பது பொங்கலை ஒட்டித்தான். மழைக்காலம் ஓய்ந்து தரை காய வேண்டும். அதன்பின் ஜூன் வரை ஓய்வில்லை. கல் அறுப்பவர்களில் நிறையப் பேர் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பங்கள். அங்கே நுவாகாய் அறுவடைப் பண்டிகை முடிந்ததும் ஏஜென்ட்டுகள் வீடு தேடி வந்து முன்பணம் கொடுப்பார்கள். அது தனி ஆளுக்கான பணம் அல்ல; கணவன், மனைவி, ஒன்றிரண்டு பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து. கடன் வாங்கும்போதே பிள்ளையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

அப்படி ஒரு சூளையை ஒட்டி நடக்கும் பகல் பராமரிப்பு மையத்துக்குச் சில பருவங்கள் கழித்து மறுபடியும் தன்னார்வலராகப் போனேன்.

கல் அறுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பிள்ளைகள் ஏன் களத்தில் நிற்கிறார்கள் என்பது புரியும். முதல் நாள் மாலையே மண்ணைக் கொத்தி, தண்ணீர் விட்டு ஊறப்போடுகிறார்கள். விடிய இன்னும் நேரம் இருக்கும்போதே கணவன் இறங்கி மிதித்துப் பதமாக்குகிறார். மனைவி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கல்லுக்கான மண்ணை உருட்டி, மணலில் புரட்டி, அச்சுக்குள் ஓங்கி அறைகிறார். அந்த அறையில்தான் நாலு மூலையும் நிறையும். மேலே மிஞ்சியதை வழித்துவிட்டு அச்சைக் கவிழ்த்தால் பச்சைக்கல். மூலை மழுங்கினால் மேஸ்திரி கழித்துவிடுவார். வெயிலில் ஒரு பக்கம் இறுகியதும் ஒவ்வொரு கல்லையும் திருப்பி நிறுத்த வேண்டும். கனத்த கை பட்டால் தடம் விழும் என்பதால் அந்த வேலை பிள்ளைகளிடம் போகிறது. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. கழித்த கல்லுக்கும் கோடை மழையில் கரைந்த கல்லுக்கும் காசு கிடையாது. பிள்ளை ஒரு காலைப் பொழுது களத்தை விட்டு வந்தால் குடும்பத்துக்கு அத்தனை கல் குறையும். இதைத் தெரிந்துகொண்டு பேசாத எந்த அறிவுரையும் அந்தத் தாயிடம் எடுபடாது.

முன்பு மையம் ஒன்பதரை மணிக்குத்தான் திறக்கும். ஆறேழு வயதுப் பையன்கள் வருவார்கள், அக்காக்கள் வரமாட்டார்கள். கைக்குழந்தையை யார் பார்ப்பது? இப்போது காலை ஆறு மணிக்கே திறந்து, கொட்டகை விட்டத்தில் வரிசையாகத் தூளி கட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு மாற்றம்தான் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். ஒன்பது வயது இருக்கும், ஒரு சிறுமி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். ஆயா ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை வாங்கித் தூளியில் போட்டு, காலால் ஆட்டிக்கொண்டே பருப்பில் கல் பொறுக்கத் தொடங்கினார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் வெறும் கையோடு நின்றாள். பிறகு உள்ளே வந்து ஒரு சிலேட்டை எடுத்துக்கொண்டாள்.

ஆயா உள்ளூர்க்காரர். சாம்பார் சாதத்தைப் பிள்ளைகள் ஒதுக்குவதைப் பார்த்து, நீர் ஊற்றிய சோறும் உருளைக்கிழங்கு மசியலும் கொடுக்கப் பழகிவிட்டார். ஒடிசாவில் அதற்குப் பக்காளா என்று பெயர். “நம்ம வூட்டுப் பழைய சோறுதாம்மா இது. ஒரு வெங்காயம் வெச்சா போதும், வவுறு ரொம்பத் துன்னுதுங்க” என்றார். மண் படிந்த தலைகளுக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிடுவதும் அவர் வேலைதான்.

பாடம் சொல்லித்தரும் பெண் பலாங்கீர்க்காரர். பிள்ளைகள் அவரைத் ‘தீதி’ என்கிறார்கள், என்னையும்தான். அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். சொந்த ஊர், அங்கே படித்த பள்ளி, எந்த வகுப்பு, ரயில் ஏறியபோது எந்தப் பாடத்தில் நின்றது, இப்போது எதுவரை வந்திருக்கிறது, எல்லாம் ஒடிய எழுத்தில். ஜூனில் ஊர் திரும்பும்போது அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துப் பெற்றோரிடம் கொடுத்தனுப்புகிறார். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைச் சொல்லித்தர வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். ஆனால் ஆறு மாதம் காணாமல் போன பிள்ளைக்கு எது விட்டுப்போனது என்று ஊர்ப் பள்ளிக்கு யார் சொல்வது? அந்த ஒற்றைத் தாள் சொல்கிறது. இதைவிடத் தேர்ந்த ஆசிரியப் பணியை நான் பார்த்ததில்லை.

வேலை நடக்கும் இடத்துக்கே காப்பகம் போக வேண்டும் என்பது புதிய யோசனையும் அல்ல. 1969-இல் டெல்லி ராஜ்காட் பக்கம் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கட்டடம் எழும்பியபோது, புழுதியில் கிடந்த தொழிலாளர் குழந்தைகளுக்காக மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரம் போட்டார். ‘மொபைல் கிரெஷஸ்’ அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. பெண் தொழிலாளர்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. 1976-இல் திருத்தியபோது 30 பெண்களுக்கு மேல் இருந்தாலே கட்டாயம் என்றானது. ஆனால் சூளைக் கணக்கில் குடும்பத்தின் கல் முழுவதும் பெரும்பாலும் ஆண் பெயரில் ஒரே வரியாக ஏறுகிறது. அச்சில் மண்ணை அறைகிற பெண் ஏட்டில் இல்லை. ஏட்டில் இல்லாதவளின் குழந்தைக்குக் காப்பகம் எங்கிருந்து வரும்? பெண்ணின் பெயரைத் தனியாக எழுது என்று தொழிலாளர் துறை கண்டிப்பாகச் சொன்னால், பாதிக் கதவு திறக்கும்.

இத்தகைய மையங்களுக்கு உதவ நினைப்பவர்கள் ஒருநாள் விழாவாக வராதீர்கள். வாரத்தில் ஒரு நாள் போதும். ஆனால் அதே நாளில், ஜனவரி முதல் ஜூன் வரை, தவறாமல் வாருங்கள். முகம் மாறிக்கொண்டே இருந்தால் தூளிக் குழந்தைகள் யாரிடமும் ஒட்டுவதில்லை. ஒடியா தெரியாவிட்டாலும் பரவாயில்லை. காலை ஆறு மணிக்கு வர முடிந்தவர்கள்தான் முதலில் தேவை.