முழங்காலுக்கு ரிவெட் இல்லை

வேலைக்குப் போட்டுத் தேய்ந்த ஜீன்ஸ் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். இடுப்புப் பட்டை அப்படியே இருக்கும். பாக்கெட் ஓரத்துச் செம்பு ரிவெட் அசைந்திருக்காது. ஜிப்கூட ஒழுங்காக ஏறி இறங்கும். முழங்கால் மட்டும் போயிருக்கும். என் மச்சினன் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறான். நாள் முழுக்க மண்டியிட்டே நகர வேண்டிய வேலை. முட்டி கிழிந்த ஜீன்ஸ்களை என்னிடம் ஒட்டுப் போடக் கொடுத்துவிட்டு ஒருமுறை கேட்டான்: “பாக்கெட்டுக்கு இத்தனை ஆணி அடிச்சவங்க முட்டிக்கு ஒண்ணும் பண்ணலையே, ஏன் மாமா?”

நியாயமான கேள்வி. உழைப்பாளிக்கென்றே பிறந்த உடுப்பு, உழைப்பு அதிகம் படும் இடத்தை ஏன் விட்டுவிட்டது? முழங்காலுக்கு முதலில் வழி கண்டவர் யார்? இதைத்தான் தேடிப் போனேன்.

தொடங்கும் இடத்தில் சிக்கல் இல்லை. ஜீன்ஸுக்குப் பிறந்த தேதி உண்டு: 1873 மே 20. அமெரிக்கக் காப்புரிமை எண் 139,121 அன்று பதிவானது. உரிமை பெற்றவர்கள் ஜேக்கப் டேவிஸும் துணி மொத்த வியாபாரி லெவி ஸ்ட்ராஸின் நிறுவனமும். டேவிஸ் ரீகாவில் பிறந்து, நெவாடா மாநிலத்து ரீனோ ஊரில் கடை வைத்திருந்த தையல்காரர். கூடாரம், குதிரைப் போர்வை என்று முரட்டுச் சாமான்கள் தைப்பவர். 1870-71 குளிர்காலத்தில் ஒரு விறகுவெட்டியின் மனைவி அவரிடம் வந்தார். வீட்டுக்காரருக்கு எதைத் தைத்தாலும் கிழிந்துபோகிறது, கெட்டியாக ஒன்று வேண்டும் என்றார். விலை மூன்று டாலர். லெவி ஸ்ட்ராஸிடமிருந்து வாங்கி வைத்திருந்த டக் என்ற தடித்த கித்தானில் டேவிஸ் பேன்ட்டை வெட்டினார். குதிரைப் போர்வைக்காக வைத்திருந்த செம்பு ரிவெட்டுகளைப் பாக்கெட் மூலைகளில் அடித்தார். பேர் பெற்ற அந்த முதல் பேன்ட் டெனிமே அல்ல.

காப்புரிமையின் தலைப்பிலேயே பாதிப் பதில் இருக்கிறது. பாக்கெட் வாய்களைப் பிணைப்பதில் ஒரு மேம்பாடு என்பதுதான் அது. பாக்கெட்டில் கனமான சாமான்களைப் போட்டுப் போட்டு எடுத்தால் தையலின் முனை விட்டுப்போகும். முனையில் ரிவெட் இருந்தால் விடாது. டேவிஸ் உரிமை கேட்டது இதற்குத்தான். உரிமைக் காலம் முடிந்து 1890-களில் மற்ற நிறுவனங்களும் ரிவெட் அடிக்கத் தொடங்கியபோதும் அது மூலைகளில்தான் உட்கார்ந்தது.

முழங்காலைப் பற்றி அந்தக் காலத்து நிறுவன ஏடுகளில் ஏதாவது இருக்குமா என்று பார்க்கலாம் என்றால், லெவி ஸ்ட்ராஸின் பழைய ஆவணங்கள் 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தோடு வந்த தீயில் எரிந்துபோயின. மிச்சமிருக்கும் சாட்சி, யாரோ போட்டுக் கழித்த பழைய ஜீன்ஸ்கள்தான். அவற்றில் ஹோமர் கேம்ப்பெல்லின் ஜீன்ஸ் தனி ரகம். அரிசோனாவின் கான்ஸ்டலேஷன் என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர் அவர். 1917-இல் வாங்கியதை 1920-இல் நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பினார். ஞாயிறு தவிர எல்லா நாளும் மூன்று வருடம் போட்டதாகவும், முன்பு வாங்கியவை உழைத்த அளவுக்கு இது உழைக்கவில்லை என்றும் புகார்! நிறுவனம் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது. படத்தில் பார்த்தால் கால் நெடுக ஒட்டு. பேன்ட்டை மூன்று வருடம் இழுத்துக்கொண்டு போனதில் ஆலைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு ஊசிக்கும் இருக்கிறது.

ரிவெட் ஏன் முழங்காலுக்கு உதவாது என்பதை ஏட்டில் தேட வேண்டியதில்லை, துணியே சொல்லும். டெனிமில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு மட்டும்தான் நீலம், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. பாவு நூல் மூன்று ஊடைக்கு மேலாகவும் ஒன்றுக்குக் கீழாகவும் ஓடுகிறது. அதனால்தான் வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளுப்பாகவும் தெரிகிறது. தரையில் உரசுவது பெரும்பாலும் பாவு. நீலச் சாயம் நூலின் நடுவரை இறங்காமல் மேலோடு தங்குவது. தேயத் தேய முதலில் நிறம் போகும், அடுத்து பாவு அறும். கடைசியில் குறுக்கே வெள்ளை ஊடை மட்டும் கம்பி கம்பியாக நிற்கும். கிழிந்த முட்டியில் நாம் பார்ப்பது அதைத்தான். முட்டியை மடக்கும்போது துணி எலும்பின்மேல் இறுகுகிறது. கீழே தரை, மேலே எலும்பு, நடுவில் உள்ளங்கை அகலத் துணி. சிமென்ட்டும் மணலும் இழைக்குள் புகுந்துகொண்டால் உள்ளிருந்தே அறுக்கும். ரிவெட் பிடிப்பது தையலை. முழங்காலில் விட்டுப்போகத் தையலே இல்லை, போவது துணி.

துணி போனால் துணிதான் வைக்க வேண்டும். எப்படி வைப்பது என்பதில்தான் கைப்பக்குவம். கோவையில் நான் போகும் ஆல்டரேஷன் கடைக்காரரிடம் இதைக் கேட்டேன். “ஓட்டையை மூடறது பெரிய காரியமில்லீங்க தம்பி. சுத்தி இருக்கற துணி தாங்கோணும். கெட்டியா ஒரு சதுரத்தை வெச்சுச் சுத்தி அடிச்சீங்கன்னா ஒட்டு அப்படியே நிக்கும், அதுக்கு வெளிய கோடு புடிச்சாப்புல கிழியும்” என்றார்.

அவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கால் குழாய்க்குள் மெஷின் நுழையாது. அதனால் முதலில் பக்கத் தையலைப் பிரிக்கிறார். உள்தொடைப் பக்கம் மடித்து இரட்டைத் தையல் போட்டது என்பதால் அதைத் தொடுவதில்லை. வெளிப்பக்கம் ஓவர்லாக் மட்டும் அடித்திருந்தால் அது சுலபமாகப் பிரியும். முழங்கால் தட்டையாக விரிந்ததும் துணியை வெளிச்சத்துக்குப் பிடிக்கிறார். ஓட்டை சின்னதுதான், ஆனால் அதைச் சுற்றி வெளிச்சம் கசியும் பகுதி அதைப் போலப் பல மடங்கு. அந்தப் பகுதி முழுவதையும் தாண்டி, நல்ல துணி தொடங்கும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு விரல் தள்ளி ஒட்டின் ஓரம் விழ வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒட்டுத்துணி வேறொரு பழைய ஜீன்ஸின் பின்னங்கால் பகுதி. அங்கே தேய்மானம் குறைவு. பலமுறை துவைத்ததாகையால் இனிச் சுருங்காது. மூலைகளை வளைத்து வெட்டி, பாவும் பாவும் ஒரே திசையில் இருக்கும்படி உள்பக்கம் வைத்து, கையால் ஓட்டுத் தையல் போடுகிறார். குறுக்கே நிற்கும் வெள்ளை நூல்களை வெட்டுவதில்லை. புதிய தையல் பிடித்துக்கொள்ள அவைதான் ஆதாரம்.

பிறகு 16-ஆம் நம்பர் ஊசி, துணியின் நீலத்துக்கு நெருங்கிய நூல். பாவு ஓடும் திசையிலேயே நெருக்கமாக மேலும் கீழும் ஓட்டுகிறார். எந்த இரண்டு வரியும் ஒரே மட்டத்தில் முடிவதில்லை. ஒன்று நீளம், அடுத்தது குட்டை. எல்லா வரியும் ஒரே கோட்டில் நின்றால் இழுவை முழுவதும் அந்தக் கோட்டில் விழுந்து, அங்கேதான் அடுத்த கிழிசல் தொடங்கும். பலமான இடத்திலிருந்து பலவீனமான இடத்துக்குப் படிப்படியாக இறங்க வேண்டும் என்பதே இந்தத் தொழிலின் ரகசியம்.

பிரிக்காமல் தைக்கவும் வழி உண்டு. ஜீன்ஸ் பழுது பார்ப்பவர்கள் தேடி அலையும் பழைய சிங்கர் 47டபிள்யூ70, குறுகலான நீண்ட கையுடைய டார்னிங் மெஷின், அதாவது கிழிசலை நூலோட்டி நிரப்பும் மெஷின். கால் குழாயை அந்தக் கையில் மாட்டி அப்படியே தைக்கலாம். செருப்பும் பையும் தைப்பவர்களின் சிங்கர் 29கே இன்னொரு வகை. அதன் அழுத்துகால் எல்லாத் திசையிலும் சுழலும். சாமானைத் திருப்பாமல் தையலைத் திருப்பலாம்.

இந்த ஒட்டை முதலில் போட்டவர் யார் என்று தேடினால் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பதில் கிடைக்கிறது. எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியும் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸும் 1936-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக் குத்தகை விவசாயிகளிடம் போனார்கள். 1941-இல் வெளியான அவர்களுடைய புத்தகத்தில் ஓவரால் என்ற உடுப்பு தேய்ந்து வெளுக்கும் விதத்துக்கே பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிக்கு ரேஷன். 1943-இல் ஒட்டும் டார்னிங்கும் கற்பிக்க அரசே கையேடு போட்டது. ஜப்பானின் ஹோன்ஷூ தீவின் வடகோடியான அவோமோரியில் குளிரால் பருத்தி விளையாது. கப்பலில் வந்திறங்கிய பழந்துணித் துண்டுகளை அடுக்கடுக்காகத் தைத்துத் தலைமுறை தலைமுறையாக உடுத்தினார்கள். இன்று நகரங்களில் ஜீன்ஸ் முட்டியில் வெள்ளை நூலால் போடும் அலங்காரத் தையல் அந்த நாட்டு ஊசியிடம் கற்றது. ஆனால் கேம்ப்பெல்லின் ஒட்டுக்கும் அவோமோரியின் ஒட்டுக்கும் தொடர்பில்லை. துணி விலை கூடுதலாகவும் மண்டியிடும் வேலை ஓயாமலும் இருந்த இடமெல்லாம் அது தானாகவே பிறந்திருக்கிறது.

முழங்காலைத் தொழிற்சாலையும் ஒருவழியாகக் கவனித்தது. ரயில்வே தொழிலாளர்களுக்கு ஓவரால் தைக்க 1889-இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய கார்ஹார்ட் நிறுவனம் இன்று விற்கும் இரட்டை முன்பக்கப் பேன்ட்டில் தொடையிலிருந்து முட்டிக்குக் கீழ்வரை இன்னொரு துணி. அதன் அடி ஓரத்தில் தைக்காமல் விட்ட வாய் இருக்கிறது. உள்ளே சேரும் தூசி துரும்பு அதன் வழியாகக் கொட்டிவிடும். வேண்டுமானால் முட்டிக்கு மெத்தையும் செருகிக்கொள்ளலாம். அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1970-களில் விற்ற டஃப்ஸ்கின்ஸ் ஜீன்ஸில் குழந்தைகள் கிழிக்க முடியாதபடி முழங்காலை உள்ளிருந்து பலப்படுத்தியிருந்தார்கள். இரண்டும் புது யுக்தி அல்ல. வீட்டில் கிழிந்தபின் வைத்த ஒட்டை, ஆலை கிழியுமுன் வைத்துத் தைத்தது. ரிவெட்டுக்கு ஒரு டேவிஸ் உண்டு, காப்புரிமை எண் உண்டு. முட்டி ஒட்டைப் போட்டவர்களின் பெயரை எந்த அலுவலகமும் எழுதி வைக்கவில்லை. ஆலை அவர்களிடம்தான் பாடம் கேட்டிருக்கிறது என்பது என் முடிவு.

அந்தப் பாடத்தில் நமக்கும் வேலை இருக்கிறது. நீலம் போய் முட்டி வெளுக்கத் தொடங்கும் நேரத்திலேயே உள்பக்கம் ஒரு துணியை வைத்து ஓட்டிவிட்டால், பாவு இன்னும் உயிரோடிருக்கும். தையல் சொற்பம், கூலியும் சொற்பம். ஓட்டை விழும்வரை காத்திருந்தால் அதே முட்டிக்கு இரண்டு மடங்கு துணியும் நூலும் பிடிக்கும், தைத்த இடமும் விறைத்து நின்று மண்டியிடும்போது உறுத்தும்.