தேடலுக்கு யார் விலை கொடுப்பது?

நூலுக்கும் ஆய்விதழுக்கும் புள்ளியியல் மென்பொருளுக்கும் பணம் செலவாகும் என்பதை ஆய்வுலகம் இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறது. இணையத்தில் தேடுவதற்கு மாதச் சந்தா என்றால் மட்டும் புருவங்கள் உயர்கின்றன. கூகுள் இலவசமாக இருக்கையில் காகி போன்ற கட்டணத் தேடுபொறிக்குப் பணம் கட்டுவது வீண்செலவு என்கிறார் ஒருவர். விளம்பரத்துக்குத் தன் கவனத்தை விற்பதைவிட அது மேல் என்கிறார் இன்னொருவர். பயன் உண்டா என்பது ஒரு கேள்வி, முறையா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விவாதம் தெளியும்.

இந்த விவாதம் தொடங்கிய இடம் ஒரு பல்கலைக்கழகம் என்பது பலருக்கு நினைவில் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர்களாக இருந்த செர்கே பிரின், லாரி பேஜ் ஆகிய இருவரும் 1998இல் தங்கள் தேடுபொறியைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார்கள். அதன் பின்னிணைப்பு ஒன்று விளம்பரத்தைப் பற்றியது. செல்பேசி என்று தேடினால், வண்டி ஓட்டுபவரின் கவனத்தைச் செல்பேசி எவ்வாறு சிதறடிக்கிறது என்ற ஆய்வு தங்கள் பொறியில் முதலில் வருவதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். செல்பேசி விளம்பரத்தில் காசு பார்க்கும் பொறி, அப்படியொரு முடிவை முதலிடத்தில் வைத்துவிட்டு விளம்பரதாரருக்கு என்ன பதில் சொல்லும் என்று கேட்டார்கள். விளம்பரத்தால் வாழும் தேடுபொறி, தேடுபவரைவிட விளம்பரதாரர் பக்கமே சாயும் என்பது அவர்களுடைய கணிப்பு. ஆகவே, வெளிப்படையாக இயங்கும் தேடுபொறி ஒன்று கல்விப்புலத்துக்குள் இருந்தாக வேண்டும் என்றும் எழுதினார்கள்.

அதன்பின் நடந்தது தெரிந்ததே. 2000ஆம் ஆண்டில் கூகுள் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. கைபேசிகளிலும் உலாவிகளிலும் முன்கூட்டியே அமர்ந்திருக்கும் தேடுபொறியாகத் தான் இருப்பதற்காக 2021ஆம் ஆண்டில் மட்டும் அந்நிறுவனம் 2,630 கோடி டாலருக்கு மேல் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. தேடல் சந்தையில் அது சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். இலவசம் என்று நாம் சொல்வதன் பின்னால் புழங்கும் பணம் இவ்வளவு. தேடுபவர் அந்தக் கணக்கில் வாங்குபவராக இல்லை என்பதுதான் வேறுபாடு.

கட்டணத் தேடுபொறி இந்த உறவை நேராக்குகிறது. காகியில் மாதம் 10 டாலர் கட்டினால் வரம்பின்றித் தேடலாம். 5 டாலருக்கு 300 தேடல்கள். விளம்பரம் கிடையாது. வேண்டாத தளத்தை ஒரேயடியாக விலக்கலாம், நம்பும் தளத்தை மேலே ஏற்றலாம். ஒரு கோட்பாட்டின் பெயரைத் தட்டினால் போட்டித் தேர்வுக் குறிப்புகளும், ஒன்றையொன்று படியெடுத்த பக்கங்களும் வரிசைகட்டி நிற்பதைத் தினமும் காணும் ஆய்வாளருக்கு இது சிறிய வசதி அன்று. நாளுக்கு ஐம்பது முறை தேடுபவர் வாரந்தோறும் சில மணி நேரத்தை மீட்டுக்கொள்ளக்கூடும்.

ஆனால் அந்தப் பயனுக்கு எல்லை உண்டு. ஆய்வின் கனமான தேடல் பெரும்பாலும் பொதுத் தேடுபொறியில் நிகழ்வதில்லை. அது ஸ்கோபஸிலும் ஜேஸ்டோரிலும் சோத்கங்காவிலும் நூலகப் பட்டியலிலும் நிகழ்கிறது. தமிழ்த் தரவுகளைத் தேடுபவருக்கு நிலைமை இன்னும் கடினம். ‘கோயில்’ என்று ஓர் ஆவணத்திலும் ‘கோவில்’ என்று இன்னொன்றிலும் இருக்கும். ‘கோயிலுக்குள்’, ‘கோயிலிலிருந்து’ என்று வேற்றுமை உருபேற்ற வடிவங்கள் தனியே நிற்கும். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் ஏற்றப்பட்ட பக்கங்கள் தேடுபொறிக்கு வெறும் குழப்பெழுத்து. படமாக மட்டும் மின்வருடப்பட்டு, எழுத்துணரப்படாமல் கிடக்கும் பழைய நூல்களின் உள்ளே எந்தப் பொறியும் நுழையாது. மாதம் 10 டாலர் கட்டினாலும் இல்லாத சொல்லடைவை எவரும் விலைக்கு வாங்க முடியாது. அங்கே தேவைப்படுவது சந்தா அன்று. மெய்ப்புப் பார்த்து எழுத்தாக்கும் கூட்டுழைப்பு.

பணத்தின் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை இல்லாத முனைவர் பட்ட மாணவருக்கு 8,000 ரூபாய். பத்து டாலர் என்பது எண்ணூறு ரூபாய்க்கு மேல். முன்னவருக்கு அது இரண்டு மூன்று நாள் தேநீர், சிற்றுண்டிச் செலவு. பின்னவருக்கு மாத வருவாயில் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகம். உதவித்தொகை நான்கைந்து மாதம் தாமதமாக வருவது விடுதிகளில் பழகிப்போன செய்தி. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு இடம்தரும் வங்கி அட்டை இல்லாதவருக்கு இந்தக் கணக்கே எழாது. ஒரே ஆய்வகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருக்கும் இருவருள் ஒருவருக்குக் களையெடுத்த தோட்டமும் மற்றவருக்குப் புதர்க்காடும் வாய்த்தால், அது திறமையின் வேறுபாடாகவே நெறியாளரின் கண்ணுக்குப் படும். முறை பற்றிய கேள்வியின் முதல் முள் இதுதான்.

இரண்டாவது முள், கட்டிய பணம் எங்கே போகிறது என்பது. காகி தன் சிறிய சொல்லடைவோடு பிற நிறுவனங்களின் தேடல் முடிவுகளையும் விலைக்கு வாங்கிக் கலந்து தருகிறது. ரஷ்யாவின் யான்டெக்ஸும் அவற்றுள் ஒன்று என்பதால், உக்ரைன் போரை எதிர்க்கும் பயனர்கள் பலர் கடுமையாகக் கேள்வி எழுப்பினார்கள். பெருநிறுவனங்களிடமிருந்து விலகுவதாக எண்ணிக் கட்டும் சந்தா, வேறு வாசல் வழியாகப் பெருநிறுவனங்களிடமே சேரக்கூடும். மூன்றாவது, கணக்கு இன்றிச் சந்தா இல்லை. ஆகவே தேடுபவர் யார் என்பது நிறுவனத்துக்குத் தெரியக்கூடும். தேடல்களைச் சேமிப்பதில்லை என்று காகி சொல்கிறது. கணக்கையும் தேடலையும் இணைக்காமல் தேடும் வழியொன்றையும் 2025இல் கொண்டுவந்தது. எனினும் சாதி வன்முறை பற்றியோ அரசு ஒடுக்குமுறை பற்றியோ ஆராய்பவர், நிறுவனத்தின் சொல்லை மட்டும் நம்பி இருக்க இயலாது.

இம்முட்களுக்காகச் சந்தா கட்டுபவரைக் குறைகூறுவது நியாயம் அன்று. தன் உழைப்பின் பணத்தில் நல்ல கருவி வாங்குவது தவறாகாது. ஆனால் அதை ஓர் அறச்செயலாகவும் உயர்த்த வேண்டியதில்லை. தனியாள் சந்தாவால் மட்டும் தேடலின் அமைப்பு மாறிவிடாது என்பதற்கு நீவாவின் கதை சான்று. சென்னை ஐஐடியில் பயின்று, கூகுளின் விளம்பரப் பிரிவுக்கே தலைமை ஏற்றிருந்த ஸ்ரீதர் ராமசாமி, விளம்பரமற்ற தேடுபொறியாக நீவாவை உருவாக்கினார். 2021இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அது 2023இல் மூடப்பட்டது. பணம் கட்டச் சொல்வதைவிட, பழகிய தேடுபொறியை மாற்றச் சொல்வதே கடினமாக இருந்தது என்று அதன் நிறுவனர்கள் கூறினார்கள். முன்கூட்டியே அமர்ந்திருப்பதற்கு ஏன் அவ்வளவு கோடி கொட்டப்படுகிறது என்பது இங்கே விளங்கும்.

அப்படியானால் விலையை யார் கொடுப்பது? இந்திய மரபில் இதற்கு ஒரு பழைய விடை இருக்கிறது. 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்த சீ. இரா. ரங்கநாதன், வாசகரின் நேரத்தைச் சேமிப்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தார். அவருடைய முயற்சியின் பயனாக வந்த 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரியைச் சேர்த்தது. படிப்பவர் மட்டும் அன்றி ஊரே சேர்ந்து நூலகத்துக்கு விலை கொடுத்தது. அதே எண்ணத்தின் இன்றைய வடிவம்தான் ‘ஒரே நாடு ஒரே சந்தா’. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 2025 முதல் திறந்துவிடப்பட்டன. தனியார் கல்லூரி மாணவர் அதற்கு வெளியே நிற்பது அதன் பெருங்குறை. என்றாலும், தனியாள் தாங்க முடியாத விலையைப் பொதுப்பணம் தாங்கலாம் என்னும் கொள்கை அதில் ஏற்கப்பட்டுவிட்டது.

கட்டுரைக்கு ஏற்கப்பட்டது, அதைக் கண்டடையும் வழிக்கு ஏன் ஏற்கப்படக்கூடாது? ஐரோப்பாவில் 14 நிறுவனங்கள் சேர்ந்து, திறந்த இணையச் சொல்லடைவு ஒன்றை உருவாக்கும் பணியை 2022இல் தொடங்கின. இங்கே அத்தனை பெரிய கனவுகூட உடனடித் தேவை இல்லை. துறைகள் தங்கள் நூலகக் குழுக்களில் இதை ஒரு கோரிக்கையாக வைக்கலாம்: வளாக நூலகத்தின் கணினிகளிலாவது விளம்பரமற்ற தேடல், எழுத்துணரப்பட்ட தமிழ் நூல் தொகுப்புகள், முதலாண்டு ஆய்வாளருக்குத் தேடல் முறையில் முறையான பயிற்சி. இயன்றவர் தமக்கெனச் சந்தா கட்டிக்கொள்ளட்டும். அடுத்த நூலகக் குழுக் கூட்டத்தில், 8,000 ரூபாயில் மாதத்தை ஓட்டும் மாணவருக்காகவும் அவர்கள் ஒரு முறை வாய் திறக்கட்டும்.